ஓரங்கட்டு மாஸ்டரும் ஒன்றாம் எண்ணும்

கார் ஓட்டக் கற்றுத்தரும் அந்தப் பள்ளியில் மொத்தம் நாலு மாஸ்டர்கள். மூன்று பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். நாலாமவருக்கும் அவரைப் பெற்றவர்கள் ஒரு பெயர் வைத்திருக்கத்தான் வேண்டும், ஆனால் அது சம்பளச் சீட்டோடு சரி. "ஓரங்கட்டு மாஸ்டர் வந்துட்டாரா?" என்றுதான் ஆபீஸ் பெண்கூடக் கேட்பாள். அவர் வகுப்பில் எதற்கும் மருந்து ஒன்றுதான். தும்மல் வந்தால் ஓரங்கட்டு. கோபம் வந்தால் ஓரங்கட்டு. மனைவி சொன்னது எதையோ மறந்துவிட்டோம் என்று ஞாபகம் வந்தால், ஓரங்கட்டி நிதானமாகப் பயந்துவிட்டு அப்புறம் கிளம்பு.

இருபத்திரண்டு வருஷமாக அவர் உட்கார்ந்திருப்பது ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கை. அதன் காலடியில் இன்னொரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் கனவு காணும் நேரத்தில் மாஸ்டர் மிதிப்பதற்கு. கனவு காண்கிறவர்கள் நிறைய. அதனால் அவருடைய வலது செருப்பு இடதைவிட இரண்டு மடங்கு வேகமாகத் தேயும். வீட்டில் டிவி பார்க்கும்போது திரையில் கார் வேகமாகப் போனால் தரையை மிதிப்பார். "அப்பா, அது படம். அவங்க மோதித்தான் ஆகணும்" என்பாள் மகள்.

அவர் வண்டியில் ஒரு சட்டம். ஏறினதும் எல்லார் போனும் சத்தத்தை அணைத்து டேஷ்போர்டு பெட்டிக்குள். அவருடையதும்தான். வகுப்பு முடியும் வரை கடவுளே கூப்பிட்டாலும் எடுக்க மாட்டார்.

அந்த இருக்கையில் உட்கார வருஷா வருஷம் டாக்டர் கையெழுத்து வேண்டும். இந்த வருஷம் டாக்டர் பேனாவைத் திறந்தார், ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார், மூடிவிட்டார்.

"மாஸ்டர், சர்க்கரை இப்படி ஏறிக்கிட்டே போகுதே. இது மூணு மாச சராசரி. முந்தின நாள் பட்டினி கிடந்து இத ஏமாத்த முடியாது."

"ஏமாத்தறதா? நானா?" என்றார் மாஸ்டர், முந்தின நாள் பட்டினி கிடந்தவர்.

"இப்போதைக்கு மூணு மாசத்துக்கு மட்டும் போட்டுத் தரேன். அதுக்குள்ள இறங்கலேன்னா கையெழுத்து கிடையாது. ஆபீஸ்ல உக்காந்து படிவம் நிரப்புங்க."

ஆபீஸ் நாற்காலி மாஸ்டருக்குத் தெரியாததல்ல. ஒரு தடவை காலில் சுளுக்கு என்று இரண்டு நாள் அங்கே உட்கார்ந்தார். ஜன்னல் வழியே யாரோ தப்பாகத் திரும்புவதைப் பார்த்து மேஜையின் காலை ஓங்கி மிதித்ததில், மேஜையும் அதன்மேல் இருந்த தண்ணீர்க் குவளையும் ஆபீஸ் பெண் மடியில் போய் நின்றன. அவர் கைக்குத் தெரிந்தது சாலையைச் சுட்டிக் காட்டுவது, காலுக்குத் தெரிந்தது நிறுத்துவது. படிவத்துக்கு இரண்டும் உதவாது.

கிளினிக் நர்ஸ் அவர் போன் நம்பரை வாங்கிக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். "தினமும் மூணு தடவ மெசேஜ் வரும் சார். காலையில எட்டு, மத்தியானம் ஒண்ணு, ராத்திரி எட்டு. மாத்திரை போட்டாச்சுன்னா ஒண்ணு அழுத்துங்க. போடலன்னா ரெண்டு. அவ்வளவுதான், விரல் நோகாது."

விரல் நோகவில்லை. நொந்தது வேறு. முதல் நாள் மத்தியானம் மாத்திரை வீட்டில், அவர் சாலையில். வகுப்பு முடிந்ததும் போனை எடுத்து, அரிச்சந்திரன் பேரன் மாதிரி இரண்டை அழுத்தினார். அடுத்த நிமிஷம் நர்ஸே போன் செய்துவிட்டாள். ஏன் போடல சார், தலை சுத்துதா, வாந்தி வருதா, வீட்டுல எதாவது பிரச்சினையா, மனசு சரியில்லையா. பத்து நிமிஷம். அத்தனையும் அன்பு. அடுத்த வகுப்புக்கு வந்த பெண் வண்டிக்கு வெளியே நின்று, ஐயோ பாவம் என்ற முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து பிரேக் போட வேண்டியவரே நோயாளி என்று தெரிந்தால் எவள் தைரியமாக ஸ்டீயரிங்கைப் பிடிப்பாள்?

அன்றோடு இரண்டு என்ற எண்ணை அவர் மறந்தார். காலையில் ஆறு மணி வகுப்புக்கு ஓட்டம், மாத்திரை பிரிட்ஜ் மேல். மத்தியானம் போன் பெட்டிக்குள். ராத்திரி களைப்பு. படுக்கிற முன்னால் போனை எடுத்து, வகுப்புக்கு வராத நண்பனுக்காகக் குரலை மாற்றி 'உள்ளேன் ஐயா' சொல்கிற பையன் மாதிரி, ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு என்று மூன்று தடவை அழுத்திவிட்டுக் குறட்டை விடுவார். எப்போதாவது ஞாபகம் வந்து ஒரு மாத்திரை உள்ளே போனால் அது அந்த மாத்திரையின் அதிர்ஷ்டம்.

ஆறு வாரம் கழித்து நடுப் பரிசோதனை. மாஸ்டர் நுழைந்ததும் நர்ஸ் எழுந்தே நின்றுவிட்டாள்.

"வாங்க சார்! முதல் நாள் ஒண்ண விட்டுட்டா நூத்துக்கு நூறு! இந்த கிளினிக்லயே நீங்க ஒருத்தர்தான்." வரிசையில் காத்திருந்தவர்கள் பக்கம் திரும்பினாள். "பாருங்க, இவருக்கும் வேலைவெட்டி இருக்கு. இவரால முடியுது. உங்களால ஏன் முடியல?"

வரிசையே மாஸ்டரை எரிக்கிற மாதிரி பார்த்தது.

டாக்டர்தான் குழம்பினார். "முதல் நாளுக்கப்புறம் ஒரு வேளகூட விடல. ஆனா சர்க்கரை இறங்கவே இல்லையே. அப்ப இந்த அளவு உங்களுக்குப் பத்தல. காலை மாத்திரைய ரெட்டிப்பாக்கறேன்."

மாஸ்டர் வாயைத் திறந்தார். வெளியே நர்ஸ் இன்னும் அவர் புகழைப் பாடிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் அவர் வாங்கின பெரிய மார்க் நாற்பத்தொன்று. வாழ்க்கையில் முதல் முறையாக நூறு. அதைத் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை. வாயை மூடிக்கொண்டு புது மாத்திரை அட்டைகளை வாங்கி வந்து, பழைய அட்டைகள் இருந்த பிரிட்ஜ் மேலேயே போட்டார்.

அங்கேதான் குட்டு வெளிப்பட்டது. மகள் பந்தைத் தேடி பிரிட்ஜ் மேல் கையை விட்டாள். வகுப்பில் கடைசி பெஞ்சு, குறும்பில் முதல் பெஞ்சு என்று பெயர் வாங்கினவள். கையில் வந்தது பந்து இல்லை.

"அப்பா, இங்க வாங்க. இது என்ன?"

"மாத்திரை."

"எத்தன இருக்கு?"

"நான் என்ன எண்ணிக்கிட்டா இருக்கேன்?"

"அதான் தெரியுதே. போன்ல தினமும் மூணு ஒண்ணு. இங்க அட்டை அட்டையா அப்படியே இருக்கு. கம்ப்யூட்டர் காதுலயே பூ சுத்தறீங்களா? நான் அரைப் பரீட்சை மார்க்க மறைச்சதுக்கு எத்தன நாள் பேசாம இருந்தீங்க?"

"அது வேற, இது வேற."

"அம்மாகிட்ட சொல்லட்டுமா?"

அம்மாவுக்கு நூல் ஆலையில் காலை ஷிப்ட். இயந்திரச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகினவள். அவள் திட்டினால் நாலு வீடு தள்ளி இருப்பவர்களும் சேர்ந்து திருந்துவார்கள்.

"வேணாம்மா."

மகள் சிரிப்பாள் என்று மாஸ்டர் எதிர்பார்த்தார். சிரிக்கவில்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி, "எங்க டீச்சரோட அண்ணனுக்குச் சர்க்கரையில கால் மரத்துப் போச்சாம்ப்பா. முள்ளு குத்தினாக்கூடத் தெரியாதாம். உங்களுக்கு அப்படி ஆச்சுன்னா பிரேக் எங்க இருக்குன்னு எப்படித் தெரியும்?" என்றாள். பிறகு, "போனக் குடுங்க" என்றாள். கொடுத்தார். அரை மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு என்னவோ செய்தாள்.

மறுநாள் மத்தியான வகுப்பு பல் டாக்டரம்மாவுக்கு. ஊரில் எத்தனையோ பேரை நாற்காலியில் நடுங்க வைக்கிறவர், ஸ்டீயரிங்கைப் பிடித்தால் அவர் நடுங்குவார். இரண்டு தடவை பரீட்சையில் தோற்றாயிற்று. மாஸ்டரின் கால் உதவாமல் ஒரு தடவைகூட வண்டியை ஒழுங்காக ஓரத்தில் நிறுத்தியதில்லை. தன் பல் கிளினிக்கில் சாப்பாட்டு இடைவேளையில்தான் நேரம் என்பதால் தினமும் பன்னிரண்டேகாலுக்கு வருவார்.

மணி சரியாக ஒன்று. பெட்டிக்குள் போன் சும்மாதான் கிடந்தது. ஆனால் போனோடு இணைந்திருந்த காரின் ஸ்பீக்கர் மகள் குரலில் அலறியது.

"மாஸ்டர்! மணி ஒண்ணு! கண்ணாடி பாருங்க, சிக்னல் போடுங்க, ஓரங்கட்டுங்க, கைப்பிரேக் இழுங்க! இப்ப பையில இருக்கற டப்பாவத் தொறங்க. ஒரு நிமிஷத்துல முழுங்கலேன்னா பாட ஆரம்பிச்சுடுவேன்!"

டாக்டரம்மா கண்ணாடி பார்த்தார், சிக்னல் போட்டார், ஓரங்கட்டினார், கைப்பிரேக்கை இழுத்தார். மாஸ்டர் கால் அசையவே இல்லை. வண்டி கோடு கிழித்த மாதிரி ஓரத்தில் அழகாக நின்றது.

"இதுவும் பரீட்சையில உண்டா மாஸ்டர்?"

"உண்டு" என்றார் மாஸ்டர், பையைத் துழாவியபடி. டப்பா இருந்தது. அவர் வைக்கவில்லை. டப்பாவைத் திறப்பதற்குள் ஒரு நிமிஷம் ஆகிவிட, சொன்ன சொல் தவறாத மகள் பாட ஆரம்பித்தாள். அந்தப் பாட்டைக் கேட்டால் மாத்திரையை அட்டையோடு விழுங்கலாம்.

அன்றிலிருந்து எட்டு, ஒன்று, எட்டு. டிமிக்கி கொடுக்க வழியில்லை. இப்போது அவர் அழுத்தின ஒண்ணு எல்லாம் நிஜமான ஒண்ணு. மாஸ்டருக்கு உள்ளூரப் பெருமைகூட வந்தது. ஒன்றே ஒன்று அவருக்கும் உறைக்கவில்லை, மகளுக்குத் தெரியவும் தெரியாது. அந்தக் காலை மாத்திரை, அவர் சாப்பிடாத மாத்திரைகளை நம்பி ரெட்டிப்பாக்கப்பட்டது.

ஒன்பதாம் நாள். ஆறு மணி வகுப்பில் ஒரு பையன் நடைபாதைக் கல்லில் ஏற்றி டயரைக் கிழித்தான். அதை மாற்றி முடிக்கும்போது மணி எட்டு. ஸ்பீக்கர் அலறியது, மாஸ்டர் தண்ணீரோடு மாத்திரையை விழுங்கினார். சாப்பாட்டு டப்பா ஆபீஸில் இருந்தது. மாத்திரையை ஞாபகப்படுத்த ஆள் இருந்தது, சாப்பாட்டை ஞாபகப்படுத்த இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக வகுப்புகள். பன்னிரண்டேகாலுக்கு டாக்டரம்மா வந்து உட்கார்ந்தபோது மாஸ்டருக்குச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஏசியக் கூட்டுங்க."

"கூட்டியாச்சு மாஸ்டர். எனக்குக் குளிருதே."

நாலு சாலை சேரும் ரவுண்டானா. மாஸ்டர் கண்ணுக்கு அது ஆறு சாலையாகவும் சில சமயம் ஏழாகவும் தெரிந்தது.

"எந்தப் பக்கம் மாஸ்டர்?"

"அந்தப் பக்கம்."

"எந்த அந்தப் பக்கம்?"

"இத்தன நாளா படிக்கறீங்க, இதுகூடத் தெரியாதா?" என்று எரிந்து விழுந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் யாரிடமும் வண்டி ஓடும்போது கத்தியதில்லை. ஓரங்கட்டிவிட்டுத்தான் கத்துவார்.

முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. மாஸ்டரின் கால் பிரேக்கை நோக்கிப் போனது, பக்கத்தில் வெறும் தரையில் விழுந்தது. அங்கேயே நடுங்கிக்கொண்டிருந்தது. பஸ்ஸின் பின்பக்கம் பெரிதாகிக்கொண்டே வந்தது. காலைத் தூக்க நினைத்தார். கால் வேறு யாருடையதோ மாதிரி கிடந்தது. இத்தனை வருஷத்தில் இதுதான் அவர் பயந்த நேரம்.

வண்டி நின்றது. நிறுத்தினவர் டாக்டரம்மா.

அவர் மாஸ்டரின் முகத்தைப் பார்த்தார். உதடு வெளுத்து, நெற்றியில் வேர்வை சொட்டிக்கொண்டிருந்தது. "கண்ணாடி" என்று சத்தமாகத் தனக்குத்தானே சொன்னார். "சிக்னல். ஓரம்." பின்னால் ஒரு லாரியின் ஹாரன் காதைக் கிழித்தது. "நீ கத்து. எனக்கென்ன." ரவுண்டானாவை ஒட்டின சாலையில் மெல்ல ஒதுங்கி, கல்லுக்கு ஒரு சாண் தள்ளி நிறுத்தினார். "கைப்பிரேக்."

"மாஸ்டர், உங்களுக்குச் சர்க்கரை இருக்கா?"

"இல்ல" என்றார் மாஸ்டர், பழக்கதோஷம்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"மாத்திரை."

டாக்டரம்மா கைப்பையைக் கவிழ்த்தார். பயத்தில் சாப்பிடாமல் வந்து நாற்காலியில் மயங்குகிறவர்களுக்காக எப்போதும் வைத்திருக்கும் குளுக்கோஸ் பொட்டலம் வந்தது. தண்ணீர்ப் பாட்டிலில் கொட்டிக் குலுக்கி, மாஸ்டர் வாயில் வைத்தார். "முழுங்குங்க. முழுசா. வெறும் வயித்துல மாத்திரை போட்டு, சர்க்கரை ஒரேயடியா தாழ்ந்துடுச்சு. ஊருக்கெல்லாம் இனிப்பத் தொடாதேன்னு சொல்ற நான், என் நாற்காலிக்கு வெளிய வற்புறுத்திக் குடிக்க வைக்கற முதல் ஆளு நீங்கதான்."

கொஞ்ச நேரத்தில் சாலைகள் நாலாகக் குறைந்தன. கால் நடுக்கம் நின்றது. மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்து "மன்னிச்சுக்குங்க டாக்டரம்மா" என்று ஆரம்பித்தார். அதற்குள் மணி ஒன்றாகிவிட்டது.

"மாஸ்டர்! மணி ஒண்ணு! கண்ணாடி பாருங்க..."

"இப்ப வேணாம்மா! முதல்ல அவர் சாப்பிடட்டும்!" என்று டாக்டரம்மா டேஷ்போர்டைப் பார்த்துக் கத்தினார். ஸ்பீக்கருக்கா கேட்கும்? பாட ஆரம்பித்தது. அந்த நாராசத்தில் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மாஸ்டருக்குச் சிரிப்போடு கண்ணிலும் தண்ணீர் வந்தது, வேர்வை என்று துடைத்துக்கொண்டார்.

பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு. நூத்துக்கு நூறு. ரெட்டிப்பு. டாக்டரம்மா திட்டவில்லை.

"என்கிட்ட வர்றவங்களும் அப்படித்தான். தினமும் ரெண்டு வேள பல் தேய்க்கறோம்னு சத்தியம் பண்ணுவாங்க. வாயத் தொறந்தா தெரிஞ்சுடும். உங்க விஷயத்துல தொறந்து பாக்க முடியாது, நீங்களாத்தான் சொல்லணும். இன்னிக்கே போறீங்க. இல்லேன்னா நான் போய்ச் சொல்வேன்."

மாஸ்டர் கற்றுத்தர உட்காரக் கூடாத நிலை, டாக்டரம்மா தனியாக ஓட்டக் கூடாத நிலை. ஆபீஸுக்குப் போன் போட்டு இன்னொரு மாஸ்டரை வரவழைத்தார்கள். மாஸ்டர் முதலில் ஆபீஸில் கிடந்த டப்பாவைக் காலி செய்தார், பிறகு கிளினிக்குக்குப் போனார்.

"வாங்க வாங்க, நூத்துக்கு நூறு!" என்றாள் நர்ஸ்.

"கடைசி ஒன்பது நாள்தான்மா நிஜம். அதுக்கு முன்னாடி எல்லாம் பொய்."

நர்ஸ் முகம் விழுந்ததைப் பார்க்க அவருக்குச் சகிக்கவில்லை. "ரெண்டு அழுத்தினா நான் திட்டவா போறேன் சார்?" என்றாள் மெதுவாக.

"திட்டினா தாங்கிக்குவேன். பத்து நிமிஷம் அன்பா பேசறீங்களே, அதத்தான் தாங்க முடியல."

பஸ் விஷயத்தையும் கேட்டு முடித்த டாக்டர், சீட்டில் ரெட்டிப்பாக்கின வரியை அடித்தார். பிறகு சொன்னார்: "நான் உங்க பொய்க்கு மருந்து குடுத்திருக்கேன் மாஸ்டர், உங்களுக்கு இல்ல. இன்னிக்கு அந்தம்மா பிரேக் போடாம இருந்திருந்தா?"

மாஸ்டர் தலை குனிந்தார். பதில் அவருக்குத் தெரியும். பஸ்ஸின் பின்பக்கம் இன்னும் கண்ணுக்குள்ளேயே இருந்தது.

மாத்திரை பழைய அளவுக்கு இறங்கியது. இரண்டு வாரம் காரில் ஏறக் கூடாது. அதற்கப்புறம் ஒவ்வொரு வகுப்புக்கு முன்னாலும் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்க வேண்டும். "கையெழுத்து?" என்று மாஸ்டர் இழுத்தார். "அத ரத்தம் சொல்லட்டும். நீங்க சொல்லி நான் கேட்டது போதும்" என்றார் டாக்டர். நர்ஸ் அவருடைய வகுப்பு நேரங்களைக் கேட்டு எழுதிக்கொண்டாள். இனி வகுப்பு நடுவில் மெசேஜ் வராது. வரும்போதும் முதல் கேள்வி, சாப்பிட்டீர்களா. அதற்கு ஆம் என்றால்தான் மாத்திரைப் பேச்சு.

வீட்டில் விஷயம் தெரிந்ததும் மனைவி மூன்று நாள் ஷிப்ட் போட்டுத் திட்டினாள். மகள்தான் பயமுறுத்தினாள். பேய் அறைந்த மாதிரி மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிட்டாள். மாஸ்டர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான்தானே போட வச்சேன்."

"நீ போட வச்ச மாத்திரை சரிதான். நான் சொன்ன பொய்தான் தப்பு. ரெட்டிப்பாக்கினத உன்கிட்ட சொல்லாம விட்டதும் நான்தான்."

"அந்த அலாரத்த அழிச்சுடறேன்."

"அழிச்சே, தோலை உரிச்சுடுவேன். பாட்ட மட்டும் மாத்து. ஊர் மன்னிக்காது."

அவள் மூக்கை உறிஞ்சினாள். "பாட்டு நல்லாத்தான் இருக்கு. உங்களுக்குத்தான் ரசனை இல்ல."

இரண்டு வாரம் மாஸ்டர் பள்ளியின் உள்ளறையில் சாலைக் குறியீடு பாடம் எடுத்தார். முதலாளியிடம் தன் வாயாலேயே நோயைச் சொன்னார். கற்க வருகிறவர்களிடமும் மறைக்கவில்லை, எவரும் ஓடவில்லை. திரும்ப வண்டியில் ஏறினபோது, விரலைக் குத்தி மீட்டரைப் பார்க்கும் மாஸ்டரைப் பார்த்து ஒரு பெண், "வண்டிக்கு எண்ணெய் பாக்கற மாதிரியா?" என்றாள். "அதேதான்" என்றார். மறைத்து வைத்த பயமெல்லாம் இவ்வளவுதானா என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. சில நாள் இரண்டு அழுத்தத்தான் செய்தார். நர்ஸ் வகுப்பில்லாத நேரமாகப் பார்த்துப் பேசினாள். இரண்டு நிமிஷத்தில் வைத்தும்விட்டாள்.

பரிசோதனை நாள். மனைவி ஆலையில் லீவு போட்டாள், மகள் பள்ளிக்கூடத்துக்குத் தானாகவே லீவு விட்டுக்கொண்டாள். இருவரையும் வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு மாஸ்டர் உள்ளே போனார். டாக்டர் தாளைப் பார்த்தார். மாஸ்டரின் கால் தன்னையறியாமல் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

"இன்னும் கொஞ்சம் இறங்கணும்," என்றார் டாக்டர். "ஆனா நல்லா இறங்கியிருக்கு. இவ்வளவு நாள்ல இதுக்கு மேல எதிர்பார்க்க முடியாது. தாழ்ந்தும் போகல. ஆறு மாசத்துக்குப் போடறேன்." பேனாவைத் திறந்தார். இந்தத் தடவை மூடவில்லை.

மாஸ்டர் வெளியே வந்து தாளை நீட்டினார். மகள் பிடுங்கிக் கையெழுத்து இருக்கும் இடத்தைப் பார்த்தாள். அடுத்த நொடி அந்தத் தாளாலேயே முகத்தை மூடிக்கொண்டு தேம்ப ஆரம்பித்தாள்.

"ஏய், நனைச்சுடாத, அரசாங்கத் தாளு" என்றார் மாஸ்டர். அப்படியே பெஞ்சில் சாய்ந்து, மூன்று மாதமாக உள்ளே பிடித்து வைத்திருந்த மூச்சை மெல்ல விட்டார்.

மனைவி தாளை வாங்கி நீவி, நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். அவளுக்கும் வயிற்றில் பால் வார்த்த மாதிரிதான் இருந்தது. ஆனால் அதைக் காட்டினால் இவர்கள் இரண்டு பேரையும் யார் கட்டி மேய்ப்பது?

"அழுததெல்லாம் போதும்" என்றாள், இயந்திரத்துக்கு மேல் பேசுகிற குரலில். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "மணி பன்னெண்டரை ஆச்சு. எழுந்திருங்க, சாப்பிடப் போலாம்."